எட்டு கன அங்குலக் கணக்கு

1842இல் ஃப்ரீமன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் இங்கிலாந்துக்கு வந்தார். உயரம் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் அவரைத் தன் கருவிக்குள் ஊத வைத்தார். 434 கன அங்குலம் காட்டியது, ஏழு லிட்டருக்கும் மேல். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னபோது அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1845இல் ஃப்ரீமன் காசநோயில் இறந்துபோனார்.

ஹட்சின்சனுக்கு முன்பும் மூச்சை அளந்தவர்கள் உண்டு. வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஹைட்ரஜனை இழுத்துத் தன் நுரையீரலையே அளந்து பார்த்தார். ஆனால் ஊர் உலகத்தையெல்லாம் ஊத வைத்தவர் ஹட்சின்சன்தான். அவருடைய ஸ்பைரோமீட்டர் சிக்கலான பொருளல்ல. தண்ணீர் நிறைந்த தொட்டிக்குள் ஒரு பாத்திரம் கவிழ்ந்திருக்கும். கப்பியில் ஓடும் கயிற்றின் மறுமுனையில் எடைக்கல். வந்தவர் சட்டையைத் தளர்த்தி, நிமிர்ந்து நின்று, முடிந்தமட்டும் இழுத்துக் குழாயில் மெதுவாக விட வேண்டும். காற்று ஏற ஏறப் பாத்திரம் எழும்பும். எவ்வளவு என்று பக்கத்து அளவுகோல் சொல்லும். சூட்டில் காற்று விரியும் என்பதால் ஒரு வெப்பமானியும் உண்டு.

1846இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 2,130 பேரின் மூச்சு பதிவாகியிருக்கிறது. மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், தேம்ஸ் நதிப் போலீஸ், அச்சுத் தொழிலாளர்கள், மல்லர்கள், ஏழைகள், கனவான்கள், குள்ளர்கள்வரை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு கணக்குக் கிடைத்தது: உயரம் ஓர் அங்குலம் கூடினால் மூச்சு எட்டு கன அங்குலம் கூடும். அளந்த அளவுக்கு அவர் வைத்த பெயர்தான் நம் பாடநூல்களில் 'உயிர்ப்புத் திறன்'. பெயரில் உயிர் வந்தது தற்செயல் இல்லை. அவர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்; யார் எத்தனை நாள் இருப்பார் என்பதுதான் அங்கே வியாபாரம்.

கருவி அட்லாண்டிக்கைக் கடந்ததும் கணக்கு கோணலானது. லூசியானாவின் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின மக்களின் நுரையீரல் வெள்ளையரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று எழுதி, அதையே அடிமை வேலைக்கு நியாயமாக்கினார். அந்த வாதம் வெட்கக்கேடு. அதன் நிழல் அதைவிட நீண்டது. இருபதாம் நூற்றாண்டுக் கருவிகளிலும் 'இனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கறுப்பினத்தவர் என்று குறித்தால், எதிர்பார்க்கும் அளவைக் கருவியே 10 முதல் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் நுரையீரல் கெட்டவர்கூடத் தாளில் 'நார்மல்' ஆகிவிடலாம். நஷ்டஈடு கேட்கும் இடத்தில் இது லேசான விஷயமல்ல. இனம் பார்க்காத அளவுகளைப் பயன்படுத்துமாறு அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி பரிந்துரைத்தது 2023இல்தான்.

யாருக்கு எது சரியான அளவு என்ற இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1990இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மைய ஆய்வாளர்கள், இந்த ஊரின் ஆரோக்கியமான இளவயதினரை ஊத வைத்து அளவுகளை வெளியிட்டார்கள். உயரம், வயதை வைத்தே எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிட்டார்கள். ஐரோப்பியர் அட்டவணையை அப்படியே நம்பவில்லை.

இன்றைய பரிசோதனை அறை ஹட்சின்சனுக்கு வியப்பாக இருக்கும். மூக்கில் கிளிப், வாயில் அட்டைக்குழாய், எதிரே தொண்டை கிழியக் கத்தும் டெக்னீசியன்: "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!" அவர் மெதுவாக விடச் சொன்னார்; இந்த அவசரம் பிரான்சிலிருந்து வந்தது. 1947இல் ரொபேர் திஃப்னோவும் பினெல்லியும் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வருகிறது என்று பார்த்தார்கள். ஆஸ்துமாக்காரருக்கு உள்ளே காற்றிருக்கும், வெளியே வர வழி குறுகியிருக்கும். 1959இல் மார்ட்டின் ரைட் உருவாக்கிய பீக் ஃப்ளோ மீட்டர், காற்று வெளியே வரும் வேகத்தை அளக்கும் வேலையைக் கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருக்கியது. பின்னால் அது பிளாஸ்டிக் குழாயாகிப் பள்ளிக்கூடப் பைக்குள்ளும் போனது.

ஹட்சின்சன் இதில் எதையும் பார்க்கவில்லை. 1852இல் குடும்பத்தை விட்டுவிட்டு, தங்கம் கிடைத்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து ஃபிஜி போனவர் 1861இல் அங்கேயே இறந்தார். பிறர் ஆயுளைக் கணக்குப் பார்த்தவருக்கு அப்போது வயது ஐம்பது.