சாட்டம் மாளிகை: எஜமானர் கதையைத் தாண்டி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ராப்பஹானாக் ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது சாட்டம் மாளிகை. எதிர்க்கரையில் ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரம். வில்லியம் ஃபிட்ஷ்யூ என்ற பெரும்பண்ணையார் 1768-க்கும் 1771-க்கும் இடையில் கட்டிய செங்கல் வீடு இது. ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே விருந்தாளியாக வந்திருக்கிறார். ஆபிரகாம் லிங்கன் 1862-இல் தளபதிகளோடு ஆலோசிக்க வந்தார். இந்த இருவரும் காலடி வைத்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு பெருமை கொண்ட வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இதன் கடைசி உரிமையாளர் ஜான் லீ பிராட், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். 1975-இல் அவர் இறந்தபோது, உயில்படி வீடு தேசியப் பூங்காத் துறைக்குப் போனது. ஃபிரெடரிக்ஸ்பர்க் போர்க்களப் பூங்காவின் தலைமையகமும் ஆனது. அந்தப் பூங்கா முழுவதற்குமே டிக்கெட் இல்லை. கோடை மாலைகளில் பூங்காவின் வரலாற்றாளர்கள் ஆங்காங்கே பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு நடந்தபடியே பேசும் நிகழ்ச்சிகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. மே மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களின் நினைவு நாளையொட்டி, எதிர்க்கரையிலுள்ள படைவீரர் மயானத்தில் சாரணச் சிறுவர்கள் 15,000-க்கும் மேற்பட்ட மெழுகுவர்த்திகளை ஏற்றுகிறார்கள். புதைக்கப்பட்ட ஆளுக்கு ஒன்று. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடத் தெரியாது.

அத்தனை பேர் அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 டிசம்பரில் இங்கே நடந்த சண்டை. வடக்குப் படை இந்த மேட்டில் பீரங்கிகளை நிறுத்தி, மாளிகைக்குக் கீழே படகுப் பாலம் போட்டு ஆற்றைக் கடந்தது. நகருக்குப் பின்னாலிருந்த கற்சுவருக்குப் பின்னே தெற்குப் படையினர் காத்திருந்தார்கள். அலை அலையாகப் போனவர்கள் சுவரைத் தொடக்கூட முடியாமல் விழுந்தார்கள். வடக்குத் தரப்பில் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனவர்கள் 12,000-க்கும் மேல்.

மாளிகை மருத்துவமனையானது. கிளாரா பார்ட்டன் இங்கே காயம்பட்டவர்களைக் கவனித்தார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை அவர் தொடங்கியது பிற்பாடு. காயப்பட்ட தம்பியைத் தேடி வந்த கவிஞர் வால்ட் விட்மன், வாசலுக்கு அருகே ஒரு மரத்தடியில் வெட்டியெடுத்த கைகளும் கால்களும் குவிந்து கிடந்ததைக் கண்டு எழுதிவைத்தார். அந்தக் குளிர்காலத்தில் சிப்பாய்கள் சுவரின் மரப்பலகைகளைப் பெயர்த்து அடுப்பெரித்தார்கள். வெளிப்பட்ட காரைப்பூச்சில் கிறுக்கியும் வைத்தார்கள்.

வழக்கமான சுற்றிக்காட்டல் என்றால் கதை இங்கே முடிந்துவிடும்: இரண்டு ஜனாதிபதிகள், ஒரு போர், கடைசியில் தோட்டம். சாட்டத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. நியாயமாக அதுதான் முதலில் வர வேண்டும். இந்த வீட்டை நடத்தியது அடிமைகளின் உழைப்பு.

1805 ஜனவரியில், கிறிஸ்துமஸ் விடுமுறை முடியுமுன்பே வேலைக்குத் திரும்பச் சொன்னதால் அவர்கள் கொதித்தெழுந்து, மேற்பார்வையாளரைப் பிடித்துச் சாட்டையால் அடித்தார்கள். ஆயுதக் கும்பல் வந்து அடக்கியது. ஒருவருக்கு மரண தண்டனை. தப்பியோட முயன்ற இருவர் இறந்தார்கள், இருவர் நாடு கடத்தப்பட்டார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1857-இல் இறந்த உரிமையாளர் ஹன்னா கோல்ட்டர், தன் அடிமைகள் 90-க்கும் மேற்பட்டோருக்கு விடுதலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை உயிலில் எழுதிவைத்தார். விவகாரம் வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்வு செய்யும் சட்டத் தகுதியே அடிமைக்குக் கிடையாது என்று தீர்ப்பு! அநியாயம் என்று ஊரறியச் சொன்னார் அந்த அடிமைகளில் ஒருவரான எல்லென் மிட்செல்; அவரை புதிய உரிமையாளர் ஹொரேஸ் லேசி அடிமை வியாபாரியிடம் விற்றார். அந்த வியாபாரியிடமே அனுமதி பெற்று வடக்கு நகரங்களின் தேவாலயங்களில் பேசி, 1,000 டாலர் திரட்டித் தன்னைத் தானே மீட்டுக்கொண்டார் அந்தப் பெண். லிங்கன் வந்த கதையைவிட இது எந்த விதத்தில் சிறியது?

அமெரிக்கப் போர்க்களப் பூங்காக்கள் நெடுங்காலம் எந்தப் படை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையே பேசிக்கொண்டிருந்தன. உள்நாட்டுப் போருக்கு அடிமைமுறை எப்படிக் காரணமானது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 1999-இல் நாடாளுமன்றம் நிதி மசோதாவோடு சேர்த்து வலியுறுத்தியது. முணுமுணுப்புகள் எழாமல் இல்லை. பொதுச் சொத்து என்பதில் ஒரு வசதி உண்டு: பழைய உரிமையாளரின் மானத்தைக் காக்கும் கடமை அங்கே பேசுகிறவருக்கு இல்லை.

தலைநகர் வாஷிங்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருபவர்கள் நம்மில் இப்போது நிறையப் பேர். அங்கிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர்தான். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஊழியரிடம் 1805 கலகத்தைப் பற்றியும், எல்லென் மிட்செலைப் பற்றியும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.