தர்மராஜ் சேரலாதன்

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு: 1975 ஏப்ரல் 21) தமிழ்நாட்டைச் சேர்ந்த கபடி வீரர், பயிற்சியாளர். தற்காப்பில் வலது கார்னர் இடத்தில் ஆடிப் பெயர் பெற்றவர். 2016ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டு புரோ கபடி லீக்கின் நான்காவது பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் பட்டம் வென்றார். லீக் கோப்பையை அணித்தலைவராக ஏந்திய முதல் தமிழர் அவரே. அப்போது அவருக்கு வயது 41. பெரும்பாலான கபடி வீரர்கள் முப்பதுகளிலேயே களத்தை விட்டு விலகிவிடும் நிலையில், நாற்பதைக் கடந்தும் முதல் ஏழு பேரில் ஒருவராக நின்றதே அவர் வரலாற்றின் தனிச் சிறப்பு. சக வீரர்களுக்கும் ரசிகர்களுக்கும் அவர் ‘அண்ணா’.

ஊரும் பின்னணியும்

சேரலாதனின் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டி. காவிரிப் படுகையின் மற்ற ஊர்களைப் போலவே அங்கும் ஆண்டின் வேலைகளை வயல்தான் முறைப்படுத்தும். அறுவடை முடிந்து நிலம் காய்ந்த மாதங்களில் கபடிக்கு நேரமும் இடமும் கிடைக்கும். தஞ்சை, திருச்சி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கடலூர், திருவண்ணாமலை என எந்த மாவட்டத்துக்குப் போனாலும் பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டி ஊர் மைதானங்களில் போட்டிகள் நடக்கும். ஊர்ப்பெயரையோ தலைவர் பெயரையோ தாங்கிய குழுக்கள் வேன் பிடித்து வந்து, மின்விளக்கின் வெளிச்சத்தில் விடிய விடிய ஆடும்.

தமிழகக் கபடி வீரர்களில் பலருக்கும் முதல் பள்ளிக்கூடம் இந்த மைதானங்கள்தான். ஊர் அணியில் மூத்தவர்களோடு நின்று ஆடும் சிறுவன் மாவட்ட அணியில் இடம்பிடிப்பான். அங்கிருந்து மாநில அணிக்குப் போவான். விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை, ரயில்வே, மின்வாரியம், வங்கி ஆகியவற்றின் வேலைவாய்ப்பு அதற்குப் பின் வரும். தனியார் லீக் எதுவும் இல்லாத காலத்தில் கபடியை நம்பி ஒருவர் வாழ்வதற்கு இருந்த ஒரே பாதை அது. சேரலாதன் வளர்ந்ததும் இந்தப் பாதையிலேயே.

அவர் காலத்துத் தமிழகக் கபடி

கபடிக்கு எழுதப்பட்ட விதிகள் மேற்கு இந்தியாவில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயின. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலம் அதை ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. சடுகுடு என்ற பெயரில் தமிழ்நாட்டில் தலைமுறைகளாக இருந்த ஆட்டம் இந்த விதிகளுக்குள் வந்து, மாநில அணியாகவும் தேசியப் போட்டியாகவும் வடிவம் பெற்றது.

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது. தங்கம் வென்ற இந்திய அணியில் தமிழ்நாட்டின் ராஜரத்தினம் ஆடினார். 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கணேசன் இடம்பெற்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். மாரி செல்வராஜ் இயக்கி 2025இல் வெளியான ‘பைசன் காளமாடன்’ திரைப்படத்துக்கு அவர் வாழ்க்கையே தூண்டுதல். பெய்ஜிங் போட்டியின்போது சேரலாதனுக்கு 15 வயது, ஹிரோஷிமாவின்போது 19. ஊர் மைதானத்தில் ஆடுபவன் நாட்டுக்காகவும் ஆட முடியும் என்பதைத் தமிழக இளைஞர்கள் கண்ணால் கண்ட ஆண்டுகளில் அவர் இளைஞரானார்.

தமிழ்நாடு பெரும்பாலும் ரைடர்களால் அறியப்படும் மாநிலம். புரோ கபடியில் புகழ்பெற்ற கே. பிரபஞ்சன், வி. அஜித்குமார், கே. செல்வமணி எல்லாரும் பாடிச் சென்று புள்ளி எடுப்பவர்களே. கைதட்டல் முதலில் ரைடருக்குத்தான் கிடைக்கும். சேரலாதன் நின்றது அதற்கு எதிர்ப்பக்கத்தில்.

கார்னரின் வேலை

ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. இரு ஓரத்திலும் ஒரு மீட்டர் லாபி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. ஏழு பேர் தற்காக்க, எதிரணியிலிருந்து ஒருவர் கபடி, கபடி என்று பாடிக்கொண்டே உள்ளே வருவார். அவருக்கு உள்ள நேரம் 30 விநாடி.

தற்காப்பு வரிசையின் இரு நுனிகளிலும் கடைக்கோட்டை ஒட்டி நிற்பவர்கள் கார்னர்கள். போனஸ் புள்ளிக்காக ரைடர் காலை நீட்டும்போது அந்தக் கணுக்காலைப் பற்றுவது அவர்களின் முதல் ஆயுதம். ரைடர் பக்கவாட்டில் திரும்பினால் தொடைப்பிடி. அவர் முதுகு காட்டித் தன் எல்லைக்குத் திரும்பினால் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டுவது. கார்னர் பிடித்த நொடியில், வரிசையின் உள்பக்கம் நிற்கும் கவர் வீரர்கள் பாய்ந்து வந்து ரைடரைச் சூழ்ந்துகொள்வார்கள். தொடங்கி வைப்பவர் கார்னர். முடித்து வைப்பது அணி.

இதிலுள்ள ஆபத்து பெரிது. கார்னர் அவசரப்பட்டுப் பாய்ந்து பிடி நழுவினால் தொட்ட கணக்கில் அவர் வெளியே போவார். பிடித்தவரை இழுத்துக்கொண்டே ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், துணைக்கு வந்த அத்தனை பேரும் வெளியே. ஒருவரின் தவறான கணிப்பு மூன்று பேரைக் களத்திலிருந்து அப்புறப்படுத்திவிடும். தேர்ந்த ரைடர்கள் இதைத் தெரிந்தே காலை நீட்டி ஆசை காட்டுவார்கள், கார்னர் குனிந்ததும் உதைத்துத் தொடுவார்கள்.

ஆகவே கார்னருக்கு வலுவைவிடப் பொறுமை முக்கியம். எந்தக் கால் உண்மையாக வருகிறது, எது தூண்டில் என்பதைப் பிரித்தறிய வேண்டும். ரைடரின் உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தக் காலை அவரால் உடனே பின்னுக்கு இழுக்க முடியாது. அந்தக் கணத்துக்காகவே கார்னர் காத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான ரைடுகளை எதிர்கொண்ட கண்ணுக்கு மட்டுமே வரும் அறிவு இது. வயது ஏறும்போது வேகம் குறைந்தாலும் இந்த அறிவு கூடிக்கொண்டே போகிறது. சேரலாதனின் நீண்ட ஆட்ட வாழ்வுக்கான விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

மண்ணிலிருந்து மெத்தைக்கு

1990களில் சேரலாதனின் தலைமுறை பெரும்பாலும் மண்ணில் ஆடியது. மண்ணில் ரைடரின் கால் லேசாகப் புதையும், சறுக்கும். பிடிப்பவர் விழுந்தால் தோல் உரியும். பிறகு பெரிய போட்டிகள் செயற்கை மெத்தைக்கு மாறின. மெத்தையில் பாதம் நன்றாகப் பற்றிக்கொள்வதால் ரைடரின் திரும்பும் வேகம் கூடியது. கணுக்கால் பிடிக்குக் கிடைக்கும் அவகாசம் சுருங்கியது. மண்ணில் பழகிய பலருக்கு இந்த மாற்றம் ஆட்ட வாழ்வின் முடிவாக அமைந்தது. முப்பதுகளில் இருந்த சேரலாதன் புதிய தரைக்குத் தன் ஆட்டத்தைப் பழக்கிக்கொண்டார்.

புரோ கபடி லீக்

2014 ஜூலை 26இல் புரோ கபடி லீக் எட்டு அணிகளுடன் தொடங்கியது. ஏலம், ஒப்பந்தம், நேரடி ஒளிபரப்பு ஆகியவை கபடிக்கு வந்தன. முந்தைய தலைமுறையில் பலர் ஓய்வு பெற்ற பிறகு வந்த வாய்ப்பு இது. 39 வயதில் சேரலாதன் பெங்களூரு புல்ஸ் அணிக்காக அதில் இறங்கினார். தொழில்முறை லீக் வீரராக அவரது வாழ்க்கை தொடங்கியதே அந்த வயதில்தான்.

ஒவ்வொரு ரைடும் பிடியும் எண்ணப்பட்டு, மறுஒளிபரப்பில் காட்டப்பட்டு, பார்வையாளர் வீட்டுக்குள் வந்தது. கணுக்கால் பிடி எவ்வளவு நுட்பமானது என்பதை மைதானத்தின் ஓரத்தில் நின்றவர்கள் மட்டுமே கண்டிருந்தார்கள். இப்போது மெதுவாக்கப்பட்ட காட்சியில் நாடு முழுவதும் கண்டது. சூப்பர் டேக்கிள் விதியும் தற்காப்புக்கு மதிப்பைக் கூட்டியது: மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

பாட்னாவும் 2016ஆம் ஆண்டும்

2016 ஜூன் 25 முதல் ஜூலை 31 வரை நடந்த நான்காவது பருவத்தில் நடப்பு வாகையரான பாட்னா பைரேட்ஸ் சேரலாதனைத் தலைவராக்கியது. அந்த அணியில் ஹரியானாவின் இளம் ரைடர் பிரதீப் நர்வால் இருந்தார். ஈரானிலிருந்து வந்த ஃபாசல் அத்ராசலி இடது கார்னரில் நின்றார். பீகாரின் பெயரைத் தாங்கிய அணிக்கு, தஞ்சாவூர்க்காரர் தலைமையில், ஹரியானாவும் ஈரானும் தோள்கொடுத்தன. ஹைதராபாதில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் அணியை 37-29 என்று பாட்னா வென்றது.

அடுத்த சில வாரங்களில் உலகக் கோப்பைக்கான இந்திய அணியில் சேரலாதன் இடம்பெற்றார். அனுப் குமார் தலைமையிலான அந்த 14 பேரில் சுரேந்தர் நாடா, மோகித் சில்லர் போன்ற, அவரைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களும் இருந்தனர். அகமதாபாதில் அக்டோபர் 7 முதல் 22 வரை 12 நாடுகள் மோதின. தொடக்க ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று இந்தியா தோற்றது. இறுதிப் போட்டியில் ஈரானுக்கு எதிராக இடைவேளையில் 13-18 என்று பின்தங்கியது. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூரின் ரைடுகள் ஆட்டத்தைத் திருப்ப, 38-29 என்று கோப்பை இந்தியாவுக்கு வந்தது. 41 வயதில் சேரலாதன் உலக வாகையரானார்.

பிற்காலப் பருவங்கள்

2017இல் அவர் புனேரி பல்தன் அணிக்குச் சென்றார். 2018இல் யு மும்பா. அங்கே ஃபாசல் அத்ராசலியுடன் மீண்டும் இணைந்தார்: இடது நுனியில் ஈரானியர், வலது நுனியில் தமிழர். அந்தப் பருவத்தில் மும்பை ‘பிளே-ஆஃப்’ வரை போனது. 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரைத் தலைவராக்கியபோது வயது 44. இந்தியக் கபடிக்கு மிக அதிகமான வீரர்களைத் தரும் மாநிலத்தின் பெயரிலான அணியைத் தமிழக வீரர் ஒருவர் வழிநடத்தி, அதையும் ‘பிளே-ஆஃப்’ சுற்றுக்குள் கொண்டுசென்றார். பெருந்தொற்றால் தள்ளிப்போய், 2021 டிசம்பரில் பெங்களூருவில் பார்வையாளர் இல்லாமல் தொடங்கிய எட்டாவது பருவத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் அணியில் இருந்தபோது அவருக்கு 46 வயது. எதிரே பாடி வந்த ரைடர்களில் சிலர், அவர் கபடி ஆடத் தொடங்கியபோது பிறக்கவே இல்லை.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஒப்புமை

அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் என்னும் தற்காப்பு இடம் கபடிக் கார்னருக்கு நெருங்கியது. பதினோரு பேர் கொண்ட தற்காப்பில் ஓரத்தைக் காப்பவர் அவர். எதிரணியின் அதிவேக ஓட்டக்காரரை நேருக்கு நேர் கண்காணித்து, அவருக்கு வரும் பந்தைத் தடுக்க வேண்டும், பந்து கைக்குப் போய்விட்டால் ஆளைச் சாய்க்க வேண்டும். தலையையும் தோளையும் அசைத்து ஏமாற்றலாம், இடுப்பை வைத்து ஏமாற்ற முடியாது என்பதால் எதிராளியின் இடுப்பைப் பார்க்கும்படி அங்கே கற்பிக்கிறார்கள். கபடியில் கார்னர் காலையும் உடல் எடையையும் கவனிப்பதற்கும் இதுவே காரணம்.

வாழ்க்கைப் பாதையிலும் ஒற்றுமை உண்டு. ‘நைட் டிரெய்ன்’ என்று புகழ்பெற்ற டிக் லேன், எந்த அணியும் தேர்வு செய்யாத நிலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியிடம் தானே சென்று வாய்ப்புக் கேட்டார். 1952இல் தன் முதல் பருவத்திலேயே 14 பந்துகளைப் பறித்தார். ஒரே பருவத்தில் அதற்கு மேல் யாரும் பறித்ததில்லை. 1983 முதல் 2002 வரை வாஷிங்டன் அணிக்கு மட்டுமே 20 பருவங்கள் ஆடிய டாரல் கிரீன் 42 வயதில் ஓய்வு பெற்றார். கிரீன் 23 வயதிலேயே தொழில்முறை லீக்கில் நுழைந்தவர். பயிற்சி, மருத்துவம், ஊதியம் அனைத்தும் அப்போதே அவருக்கு அமைந்திருந்தன. சேரலாதனுக்கு அவை லீக் வழியாகக் கிடைத்தது 39 வயதில். அதுவரை தன் உடலையும் ஆட்டத்தையும் அவரே காத்துவைத்திருந்தார்.

பயிற்சியாளர்

தமிழ் தலைவாஸ் அணி 2017இல் லீக்கில் சேர்ந்தது. சொந்த மாநில அணிக்குச் சேரலாதன் வந்தது பயிற்சியாளராகத்தான். 2024இல் தொடங்கிய 11ஆவது பருவத்துக்கு உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராகவும் சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகவும் நியமிக்கப்பட்டனர். அந்தப் பருவத்தில் அணி ‘பிளே-ஆஃப்’ சுற்றை எட்டவில்லை.

மதிப்பீடு

சேரலாதனின் சாதனையை லீக் புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து அளந்தால் தவறாகிவிடும். அந்தக் கணக்கு தொடங்கியது 2014இல். ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் இருபது வயது முதல் முப்பத்தைந்து வரையிலான ஆண்டுகளை அவர் ஊர் மைதானங்களிலும் மாநில, தேசியப் போட்டிகளிலும் ஆடித் தீர்த்திருந்தார். கேமரா கண்டது அவரது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டுமே. அந்தப் பகுதியே ஒரு லீக் பட்டத்துக்கும் ஓர் உலகக் கோப்பைக்கும் போதுமானதாக இருந்தது.

அவர் தலைமுறையில் அவரைப் போன்றே திறமை கொண்டிருந்து, லீக் வருமுன் வயது கடந்துபோனவர்கள் தமிழகத்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. அவர்கள் எதைக் கற்றிருந்தார்கள், எவ்வளவு உயரம் போயிருக்கக் கூடியவர்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கும் பொதுச்சான்று சேரலாதனின் ஆட்டம். தமிழகக் கபடி வரலாற்றில் அவருக்குரிய இடத்தை உறுதிசெய்வது இதுவே: ஊர்மண் கற்றுத்தந்த தற்காப்புக் கலையை உலக மேடை வரை எடுத்துச்சென்று, அதே கலையை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கவும் வந்து நின்றவர் அவர்.