லயன் சுவரில் ஒரு விரிசல்: 1995 முதல் 2019 வரை



2023 ஆகஸ்டில் எமது அரச மேகக் கணினிச் சேவை தாக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான மைக்ரோசொப்டின் ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

பழைய மென்பொருள் எப்படி ஆபத்தாகிறது என்பதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது வேறு வகை.

1990களில் தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினிக்குள் நுழைந்த மாணவர்களுக்கு வெறும் எழுத்துத் திரைதான் கிடைத்தது. அதே இணைப்பில் முழு இணையத்தையும் பெற, கன்பராவைச் சேர்ந்த டேனி காஸ்பரோவ்ஸ்கி 1995 அளவில் ‘ஸ்லர்ப்’ என்ற சிறு மென்பொருளை சி மொழியில் எழுதினார். டயல்-அப் காலம் போய்விட்டது, ஸ்லர்ப் போகவில்லை. 2003இல் பப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட ‘கியூஇஎம்யூ’ பின்னர் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

கியூஇஎம்யூ ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறது. எமது மாத்தளைத் தோட்டங்களின் லயன் போல: ஒரே கூரை, தனித்தனி அறைகள், நடுவே சுவர். உள்ளே இருப்பவர் சுவரைத் தாண்டக் கூடாது.

2019இல் அந்தச் சுவரில் விரிசல் தெரிந்தது. இணையத்தில் பெரிய பொதிகள் துண்டு துண்டாக வரும். ஸ்லர்ப் அவற்றைப் பொருத்தும். முதல் துண்டு பெரிதாக வந்தால், எங்கே எழுதுவது என்ற கணக்கு பிழைத்து, ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே தரவு எழுதப்பட்டது. இதன் வழியே மெய்நிகர் கணினியிலிருந்து தாய் இயந்திரத்தையே கைப்பற்றலாம் என்று இந்திய இளைஞர் ஒருவர் செய்து காட்டினார். சிவிஇ-2019-14378 என்பது அதன் பதிவெண்.

பெரிய மேகச் சேவைகள் பெரும்பாலும் ஸ்லர்ப்பைப் பயன்படுத்துவதில்லை என்பது ஆறுதல். ஆனால் சி மொழி எல்லையைத் தானாகப் பார்ப்பதில்லை, எழுதுபவரே பார்க்க வேண்டும். ரஸ்ட் போன்ற புதிய மொழிகள் எல்லை மீறலைத் தடுக்கவே வந்தன.

திருத்தம் சில வரிகள்தான். அதுவும் புதுப்பித்தவர்களுக்கே பயன்பட்டது. எமது பாடசாலைப் புள்ளிப் பதிவுகளும் பள்ளிவாசல் கணக்குகளும் இன்று கணினியில்தான் இருக்கின்றன. இந்த வாரமே அவற்றைப் புதுப்பித்து, தனி டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து வைப்போம்.