சொத்தைப் பல்லும் துளைக்கருவியும்

மதுரையில் இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனையாகத் திறக்கப்பட்ட காலத்தில், பல்வலிக்குக் கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு அதன் புகையை வாயில் பிடித்துப் புழுவை வெளியேற்றும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நிலவியது. சொத்தைக்குக் காரணம் புழுவன்று, வாயிலுள்ள நுண்ணுயிரிகள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே என்று பல் மருத்துவ ஆய்வாளர் டபிள்யூ. டி. மில்லர் 1890இலேயே விளக்கிவிட்டிருந்தார். எனினும் புகை மருத்துவம் நோயைத் தவறாகக் கணித்ததே தவிர, பல்லைச் சிறிதும் குறைக்கவில்லை.

குறைத்தது நவீன மருத்துவம். சொத்தைக் குழியை அடைக்கப் பயன்பட்ட, பாதரசக் கலவையான அமல்கம் பல்லோடு ஒட்டாது என்பதால், அது கழன்றுவிடாதபடி உள்ளே அகன்ற பெட்டி வடிவில் குழி வெட்ட வேண்டியிருந்தது. மேலும், பின்னாளில் சொத்தை பிடிக்கக்கூடிய நல்ல பள்ளங்களையும் சேர்த்தே வெட்டிவிட வேண்டும் என்ற பல் மருத்துவர் ஜி. வி. பிளாக்கின் கொள்கை, 1908இல் வெளிவந்த அவரது நூலின் வழியே உலகெங்கும் பாடமாயிற்று. ஆக, வெட்டப்பட்ட பல்லில் ஒரு பகுதி நோய்க்காக அன்றி அடைக்கும் பொருளுக்காகவே இழக்கப்பட்டது. மின்சாரமும் துளைக்கருவியும் எட்டாத ஊர்களிலோ பல்லைப் பிடுங்குவதே சிகிச்சையாக இருந்தது.

பிரிட்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1970களில் புழக்கத்துக்கு வந்த கிளாஸ் அயனோமர், பல்லோடு வேதிமுறையில் ஒட்டிக்கொண்டு ஃபுளூரைடையும் கசியவிடும் சிமெண்ட் ஆகையால், பெரிய குழியின் தேவை நீங்கியது. 1980களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கிய முறையில், மென்மையாகிவிட்ட மேலடுக்கு மட்டும் கைக்கருவியால் சுரண்டப்பட்டு, மீண்டும் கடினமாகக்கூடிய அடியடுக்கு விடப்பட்டு, மேலே இந்தச் சிமெண்ட் அடைக்கப்பட்டது. ஏழை நாடுகளுக்கான மாற்றுவழியாகக் கருதப்பட்ட இதனைப் பின்னர் வசதி படைத்த நாடுகளும் ஏற்றுக்கொண்டதுதான் இவ்வரலாற்றின் சுவையான திருப்பம்.

சிதைந்த பகுதியை மட்டும் நீக்கும் முயற்சியில் பப்பாளியும் இடம்பெற்றது. பப்பாளிக் காயைக் கீறி எடுக்கும் பாலில் உள்ள, புரதத்தைச் சிதைக்கும் பப்பெயின் என்ற நொதிக்காகவே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ.5 என்ற பப்பாளி இரகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதே நொதி கொண்டு, சிதைந்த திசுவை மட்டும் இளக்கும் களிம்பு 2003இல் பிரேசிலிலும் பின்னர் சென்னையிலும் தயாரானது. அது துளைக்கருவியைவிட அதிக நேரம் எடுக்கும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவுகளுக்கு இது சிறிய குறையன்று. நேரமே எடுக்காதது, சொத்தையின்மேல் தடவினால் அதன் பரவலைத் தடுத்து நிறுத்தக்கூடிய சில்வர் டையமின் ஃபுளூரைடு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதனையும் கிளாஸ் அயனோமரையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடுவதால், குழந்தைகளின் பின்வரிசைப் பால்பற்களுக்கு இதனை ஏற்கும் பெற்றோரும் முன்பற்களுக்குத் தயங்குகின்றனர்.