சின்னக் குசினியில் சேமிப்பு: போத்தல், மூடி, உப்பு, திகதி

நமது வீடுகளில் வெற்றுப் போத்தலை யாரும் இலகுவில் வீசுவதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது, வடக்கில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தார்கள். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் வால்வுக் குழாயில் கோர்த்த திரி. ஒரு போத்தலின் பெறுமதி அப்படித் தெரியவந்தது.

திருகோணமலையில் அந்த அனுபவம் வேறு விதமாக வந்தது. 2006 இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் வெளியேறிய குடும்பங்கள் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றன. பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. 2015, 2016 இல் காணிகள் விடுவிக்கப்பட்டபோது அவர்கள் திரும்பியது வெறும் நிலத்துக்கு. பானை, சட்டி, உறி, போத்தல் எல்லாமே முதலிலிருந்து தொடங்கின.

இன்று அந்தக் குசினிகளில் மீண்டும் ஊறுகாயும் கருவாடும் சேர்கின்றன. ஆனால் இடம் போதாது. வடக்கு கிழக்கில் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட வீட்டின் மொத்தப் பரப்பே சுமார் 550 சதுர அடி. திருக்கடலூர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் குசினி என்பது பல வேளைகளில் ஓர் அடுப்பும் ஒரு தட்டும்தான்.

இப்படியான குசினியில் சேமிப்பை ஒழுங்குபடுத்த மூன்று கேள்விகள் போதும். இந்த உணவு இந்த முறையில் பாதுகாப்பானதா? எப்போது செய்தது? எது முதலில் சமையலுக்குப் போக வேண்டும்? இவற்றுக்கு விடை தெரியாமல் தட்டை நிரப்பினால் உழைப்பு வீணாகும். சில வேளை உயிருக்கும் ஆபத்து வரும்.

எதைப் போத்தலில் அடைக்கலாம்?

போத்தலில் உணவை அடைத்துச் சூடாக்கிப் பாதுகாக்கும் முறை யுத்தத் தேவையில் பிறந்த ஒன்று. பிரெஞ்சு அரசு தன் படைகளுக்குக் கெடாத உணவு தேடியபோது, நிக்கொலா அப்பேர் என்ற சமையற்காரர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். 1810 இல் அவருக்கு 12,000 பிராங் பரிசு கிடைத்தது. உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்கள் என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

இதில் முக்கியமான கோடு புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் குறைவாக உள்ள உணவை, போத்தலில் அடைத்துக் கொதிநீரில் சூடாக்கிப் பாதுகாக்கலாம். தேசிக்காய், புளி, நெல்லி, மாங்காய், வினாகிரி சேர்த்த அச்சாறு, சீனியும் புளிப்பும் உள்ள ஜாம் ஆகியவை இந்தப் பக்கத்தில் வரும்.

மீன், இறைச்சி, பயறு, மரக்கறி, தேங்காய்ப்பால் சேர்த்த கறி ஆகியவை மறுபக்கம். இவற்றைக் காற்றுப் புகாமல் அடைத்தால் குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளரக்கூடும். அதன் வித்துகள் சாதாரண கொதிநீரில் சாவதில்லை. நிவாரணப் பொதியில் வந்த ரின்மீன் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம், தொழிற்சாலையில் அதை அழுத்தத்தின் கீழ் 115 பாகை செல்சியசுக்கு மேல், குறித்த நேரத்துக்குச் சூடாக்குவதுதான். வீட்டுப் பிரஷர் குக்கர் சோறும் பருப்பும் அவிக்கச் செய்யப்பட்டது. அதை நம்பி மீனைப் போத்தலில் அடைக்கக் கூடாது.

உள்ளியை எண்ணெயில் ஊறவிட்டு வெளியில் வைப்பதும் இதே ஆபத்துள்ளது. இந்த நஞ்சு கலந்த உணவு மணத்திலோ நிறத்திலோ மாறாமல் இருக்கலாம். ஆகவே ருசித்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். பார்வை இரண்டாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறுதல் ஆகியவை தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மீனுக்கு உப்பும் வெயிலும்

மீனைப் பாதுகாக்க நமது கரையோரத்துக்குத் தெரிந்த வழியே சரியான வழி. சூடை, நெத்தலி, கீரி, பாரை என்று மலிவாகக் கிடைக்கும் நாளில் கருவாடு போடலாம். பெரிய மீனைப் பிளந்து கழுவி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் அடுக்கி ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு தரையில் படாமல், வலை கட்டிய தட்டில் காயவிட வேண்டும். ஈ வராமல் மேலே இன்னொரு வலை போடலாம். பூச்சி மருந்து எந்தக் காரணத்துக்கும் கூடாது.

பழுதாகப் போகும் மீனைக் கருவாடாக்கித் தப்பவைக்கலாம் என்ற எண்ணம் தவறு. சூரை, கீரி, கும்பிளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்து பழுதாகும்போது ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். உப்பும் வெயிலும் சமையல் சூடும் அதை அழிக்காது. முகம் சிவத்தல், தடிப்பு, தலையிடி ஆகியவை சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே வரும். புதிய மீன்தான் நல்ல கருவாடாகும்.

போத்தலும் மூடியும்

ஜாம், சோஸ் போத்தல்களைத் திரும்பப் பாவிக்கலாம். வாயில் விரலை ஓட்டிப் பார்த்து, வெடிப்போ உடைவோ இருந்தால் விலக்கிவிடுங்கள்.

மூடியில்தான் பிரச்சினை அதிகம். கடையில் வாங்கிய போத்தலின் மூடிக்குள் இருக்கும் மெல்லிய வளையம் ஒரு தடவை இறுக அடைப்பதற்காகச் செய்யப்பட்டது. பாவித்த மூடி உப்பு ஊறுகாய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் உலர்ந்த பொருளுக்கும் போதும். மாதக்கணக்கில் வெளியில் வைக்கும் ஜாமுக்குப் புது மூடி வேண்டும். அது கிடைக்காவிட்டால் சிறிய அளவில் செய்து விரைவில் முடிப்பதே நல்லது. கடற்காற்று உள்ள இடத்தில் தகர மூடி சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு உட்பக்கம் வந்த மூடியை வீசிவிட வேண்டும்.

ஜாம் அடைக்கும் முறை இது. விளாம்பழச் சதையின் நிறைக்குச் சமமாகச் சீனி போட்டுக் காய்ச்சுங்கள். பப்பாசி போன்ற புளிப்புக் குறைந்த பழத்துக்குத் தேசிக்காய்ச் சாறு கட்டாயம் சேர்க்க வேண்டும். போத்தலை 10 நிமிடம் கொதிநீரில் வைத்தெடுத்து, சூட்டோடு சூடாக ஜாமை நிரப்புங்கள். மேலே கால் அங்குலம் இடம் விடுங்கள். மூடியை இறுக்கி, அடியில் துணி விரித்த பானையில், போத்தலுக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த சீமெந்துத் தட்டில் வைத்தால் கண்ணாடி வெடிக்கும், பலகையில் வையுங்கள். மறுநாள் மூடியின் நடுப்பகுதி உட்குழிந்து, அழுத்தினால் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் அந்தப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் முடியுங்கள்.

தேசிக்காய் ஊறுகாய்க்கு இவ்வளவு வேலை இல்லை. ஒரு கிலோ தேசிக்காய்க்கு 200 கிராம் உப்பு. நான்காகக் கீறி உப்பு அடைத்து மூன்று நாள் ஊறவிட்டு, பகலில் வெயிலிலும் இரவில் அதே சாற்றிலும் வைத்துச் சாறு வற்றும்வரை காய வையுங்கள். ஈரக் கரண்டி படாவிட்டால் ஆண்டு தாண்டும். 2025 இல் நாடு முழுதும் உப்புக்குத் தட்டுப்பாடு வந்ததை மறக்க வேண்டாம். காய வைக்கும் பருவம் தொடங்கும் முன் உப்பை வாங்கி, ஈரம் படாத மூடிய வாளியில் வையுங்கள்.

தட்டின் கணக்கு

எவ்வளவு சேமிப்பது என்பதை மாரியை வைத்துக் கணக்கிடலாம். திருகோணமலையில் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நிற்கும். வாடையில் கடல் கொந்தளிக்கும், கருவாடு காயாது, மரக்கறி விலை ஏறும். உங்கள் வீட்டில் மாதம் ஒரு போத்தல் ஊறுகாய் முடிந்தால் மாரிக்கு நான்கு போதும், கையிருப்புக்கு ஒன்று. இருபது போத்தல் செய்தால் பதினைந்து அடுத்த வருடத்துக்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

450 கிராம் ஜாம் போத்தலின் அகலம் ஏறத்தாழ 8 சென்ரிமீற்றர். 3 அடி நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட பலகையில் இரண்டு வரிசையாக 22 போத்தல்கள் நிற்கும். நிரம்பியபின் நிறை 15 கிலோ அளவுக்கு வரும். ஆகவே இரண்டு முனையிலும் நடுவிலும் தாங்கி வேண்டும். விளிம்பில் ஒரு மெல்லிய சட்டம் அடித்தால் பிள்ளைகள் இழுத்தாலும் விழாது.

இடங்களை இப்படிப் பிரிக்கலாம்:

- அடுப்புக்கு நேர் மேலே: போத்தல் வேண்டாம். விறகடுப்பாக இருந்தால், உறியில் கருவாடும் விதைகளும் தொங்கலாம். புகை அவற்றுக்கு நல்லது.
- கண் மட்டம்: திறந்து பாவிக்கும் போத்தல்கள் மட்டும்.
- நடுத் தட்டு: திறக்காத போத்தல்கள். பழையது முன்னால், புதியது பின்னால். யன்னல் வெயில் நேரே படக் கூடாது.
- கீழ்த் தட்டு: உப்பு, புளி, வினாகிரி போன்ற பாரமானவை. வெள்ளம் வரும் இடமென்றால் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயர்த்துங்கள்.
- கதவுக்குப் பின்னால்: வெற்றுப் போத்தல்கள், கவிழ்த்து ஓர் அட்டைப் பெட்டியில். மூடிகள் தனியே ஒரு தகரப் பேணியில். இருபது வெற்றுப் போத்தலுக்கு மேல் சேர்ந்தால் அயலுக்குக் கொடுத்துவிடலாம்.

வினாகிரியும் மண்ணெண்ணெயும் குளோரினும் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கக் கூடாது. உணவுப் போத்தலில் வேறொன்றையும் ஊற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

திகதியும் கொப்பியும்

எழுதாத போத்தல் யாருடையதும் இல்லை. கடதாசித் துண்டில் பொருளின் பெயர், செய்த மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். பசை இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கை போதும். மூடியில் எழுதினால் மூடி மாறும்போது திகதியும் மாறிவிடும். ஆகவே போத்தலின் உடலில் ஒட்டுங்கள்.

பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஒரு பக்கம் போதும்: செய்தது எத்தனை, செலவு எவ்வளவு, எடுத்தது எத்தனை, கெட்டது எத்தனை. இரண்டு வருடம் எழுதினால் எதைச் செய்வது இலாபம் என்பதை அந்தப் பக்கமே சொல்லும். பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாய், கச்சான், ஜாம் ஆகியவற்றை மேலால் வழித்துவிட்டுப் பாவிக்காமல் முழுதாக வீசுங்கள். மூடி வீங்கியிருந்தாலும் திறக்கும்போது நுரைத்துப் பீறினாலும் அதையே செய்யுங்கள்.

மின்சாரம் இல்லாத நாட்கள்

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நம்பியவர்களின் மீனும் இறைச்சியும் பழுதாகின. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது சிறு வள்ளங்கள் கரையில் நின்றன. உப்பிலும் வெயிலிலும் காத்த உணவுக்கு மின்சாரம் தேவையில்லை.

கண்ணாடிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பது நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோதும் அதற்குப் பிறகு ஷெல் வந்தபோதும் கையில் எடுத்தது சிலது மட்டுமே. ஆகவே சேமிப்பில் ஒரு பங்கு உடையாததாகவும் பாரமில்லாததாகவும் இருக்கட்டும்: கருவாடு, மோர்மிளகாய், வடகம், வறுத்த அரிசிமா, சத்துமா. இவற்றை மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் போட்டு வாசலுக்குக் கிட்ட வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துச் சமைத்துவிட்டுப் புதிதாய் நிரப்புங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை வேறு உறையில், கருவாட்டு எண்ணெய் படாமல் வையுங்கள்.

விற்க நினைத்தால்

வீட்டுக்குச் செய்தது மிஞ்சி, கடைக்குக் கொடுக்கும் எண்ணம் வந்தால் முதலில் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அவர் இருப்பார். விற்பனைக்கான உணவு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பெயர், சேர்மானம், நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். வீட்டுத் தட்டில் திகதி எழுதிப் பழகியவருக்கு இது பாரமாகத் தெரியாது.

விற்கும் போத்தல்களை வீட்டுப் போத்தல்களோடு கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் செய்யும் தொகுதியில் ஒரு போத்தலைத் திகதியோடு வீட்டில் நிறுத்தி வைத்தால், யாராவது குறை சொல்லும்போது திறந்து பார்க்க உங்களிடம் ஒன்று இருக்கும்.

இந்த வேலைகளை ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. மாரி தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாப் போத்தல்களையும் முற்றத்தில் இறக்கி வையுங்கள். திகதி தெரியாதவற்றை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மீன், மரக்கறி, உள்ளி எண்ணெய் எதையாவது அடைத்திருந்தால் அதை முதலில் அகற்றுங்கள். மிஞ்சியதைத் துடைத்து, எழுதி, பழையது முன்னால் வரும்படி தட்டில் ஏற்றுங்கள். அன்று மதியச் சோற்றுக்கு மிகப் பழைய ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கலாம்.