மாற்றாந்தகப்பன் பெயரில் ஒரு பாட்டு

'ஃபீவர்' பாட்டை யார் பாடியது என்று அமெரிக்காவில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். வயதானவர்களுக்கு அது பெக்கி லீ பாட்டு. எல்விஸ் பக்தர்களுக்கு எல்விஸ் பாட்டு. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் மடோனா என்பார்கள். யார் எழுதியது என்று கேட்டால்தான் எல்லோரும் விழிப்பார்கள். இசைத்தட்டைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. அதில் அச்சாகியிருக்கும் இரண்டு பெயர்களில் ஒன்று, பாட்டில் ஒரு வரிகூட எழுதாத மனிதருடையது.

எழுதியவர் ஓட்டிஸ் பிளாக்வெல். 1931-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த கறுப்பினத்தவர். சின்ன வயதில் அவருக்குப் பிடித்த பாடகர் டெக்ஸ் ரிட்டர் என்ற வெள்ளைக்கார கௌபாய் நடிகர். பிளாக்வெல்லின் பாட்டுகள் பின்னால் இரண்டு பக்கத்துக் காதுகளுக்கும் பொருந்திப்போனதற்கு இந்த ரசனையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் தானே பாடி இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவை சோறு போடவில்லை. தையல்கடையில் துணிக்கு இஸ்திரி போடும் வேலைதான் போட்டது.

எடி கூலி என்ற நண்பர் ஒருநாள் ஒரு பாட்டோடு வந்தார். தலைப்பும் கருவும் இருந்தன, முடிக்க வரவில்லை. பிளாக்வெல் முடித்துக் கொடுத்தார். ஆனால் அவர் அப்போது வேறொரு பதிப்பாளரிடம் ஒப்பந்தத்தில் இருந்தார். சொந்தப் பெயரைப் போட்டால் பாட்டு அந்தப் பதிப்பாளர் கைக்குப் போய்விடும். அதனால் மாற்றாந்தகப்பன் பெயரான ஜான் டேவன்போர்ட்டைப் போட்டார். இது அவராகவே மறைத்துக்கொண்ட பெயர். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

1956 மார்ச் 1-ம் தேதி, சின்சினாட்டியில் கிங் ரெக்கார்ட்ஸுக்காக லிட்டில் வில்லி ஜான் அதைப் பாடினார். வயது 18. முதலில் அவருக்குப் பாட்டு பிடிக்கவில்லை என்றும், தயாரிப்பாளர் ஹென்றி குளோவரும் முதலாளி சிட் நேதனும் வற்புறுத்திப் பாட வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். பிடிக்காமல் பாடிய குரல் இப்படி இருக்குமா? அடியில் சாக்ஸபோன்கள் முனக, மேலே அந்தப் பையன் உண்மையிலேயே உடம்பு கொதிப்பதுபோல் பாடுகிறான். கறுப்பின மக்களின் கடைகளையும் வானொலிகளையும் வைத்துக் கணக்கிட்ட ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. பொதுப் பட்டியலில் 24-ம் இடத்தோடு நின்றது.

இரண்டு வருடம் கழித்து, 1958-ல், பெக்கி லீ அதைக் கையில் எடுத்தார். அவர் செய்தது பெரும்பாலும் கழித்தல். சாக்ஸபோன் போயிற்று, பியானோவும் இல்லை, கிடாரும் இல்லை. ஒரு பாஸ், ஷெல்லி மேனின் டிரம், விரல் சொடுக்கு. கிடார் வாசிக்க வேலையில்லாமல் போன ஹோவர்ட் ராபர்ட்ஸ்தான் சொடுக்குப் போட்டவர் என்கிறார்கள். ரோமியோ ஜூலியட், கேப்டன் ஸ்மித், போகஹான்டஸ் வரும் சரணங்களை பெக்கி லீயே எழுதிச் சேர்த்தார். பாட்டு எட்டாம் இடம்வரை ஏறியது. முதல் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான போட்டியிலும் இருந்தது. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய சரணங்களைத்தான் பாடினார்கள். ஆனால் அவற்றுக்கு அவர் பெயர் எழுத்தாளர் இடத்தில் ஏறவில்லை. எழுதாதவர் பெயர் இருக்க, எழுதியவர்களில் இருவருக்கு அங்கே இடமில்லாமல் போனது இப்படித்தான்.

ராணுவத்திலிருந்து திரும்பிய எல்விஸ் 1960-ல் ஏறக்குறைய பெக்கி லீயின் அச்சிலேயே பாடினார். எல்விஸுக்கும் பிளாக்வெல்லுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கையில் காசில்லாத பிளாக்வெல் ஆறு பாட்டுகளைத் தலா 25 டாலருக்கு ஒரு பதிப்பகத்திடம் கொடுத்தார். அதில் ஒன்று 'டோன்ட் பி குரூயல்'. எல்விஸ் பாட வேண்டுமானால் எழுதிய உரிமையில் பாதியை அவருக்குத் தர வேண்டும் என்று எல்விஸ் தரப்பு கேட்டது, பிளாக்வெல் தந்தார். இந்தப் பாட்டில் மறைத்த பெயர், அந்தப் பாட்டில் பங்கு போன பெயர். இரண்டும் 1956-ல் வெளிவந்தவை. அவர் பாடிக் காட்டிய மாதிரிப் பதிவுகளை எல்விஸ் அப்படியே பின்பற்றினார் என்பது இசை உலகில் ஊரறிந்த சேதி. இருவரும் ஒருநாளும் நேரில் சந்திக்கவில்லை.

பாட்டு மேலும் நடந்தது. 1965-ல் மெக்காய்ஸ் என்ற ராக் குழு அதை ஏழாம் இடத்துக்குக் கொண்டுபோனது. 1992-ல் மடோனா அதை நடனத் தாளத்தில் போட்டார். 2003-ல் பியான்சே பாடினார்.

முதலில் பாடியவருக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. கொலைக்குற்ற வழக்கொன்றில் தண்டனை பெற்ற வில்லி ஜான், 1968 மே மாதம் வாஷிங்டன் மாநிலச் சிறையில் இறந்தார். வயது 30. அவர்மேல் பெருமதிப்பு வைத்திருந்த ஜேம்ஸ் பிரவுன் அவர் நினைவாக ஓர் ஆல்பமே வெளியிட்டார். பிளாக்வெல் 2002-ல் நாஷ்வில்லில் காலமானார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2010-ல்.

எந்த வடிவம் உயர்ந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பெக்கி லீயுடையது புத்திசாலித்தனமான வேலை, மறுக்க மாட்டேன். ஆனால் அதில் காய்ச்சல் இல்லை. கேட்காதவர்கள் வில்லி ஜானிடமிருந்து தொடங்குங்கள்.