தழும்பு பேசிய கதை

நாளைக்கு வால்வு ஆபரேஷன் என்று படுத்திருப்பவரிடம் டாக்டர் எத்தனை சொன்னாலும் காதில் ஏறாது. அதே ஆபரேஷன் முடிந்து நடமாடும் ஒருவர் வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி நடுநெஞ்சுத் தழும்பைக் காட்டி, "இருமல் வந்தா தலையணையை மார்போட அணைச்சுக்குங்க, வலி குறையும்" என்றால் பாதி பயம் ஓடிவிடும். இந்த வழக்கம் பிறந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

1925, லண்டன். ஹென்றி சௌட்டர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இதயத்துக்குள் விரலை நுழைத்து, சுருங்கிப்போன மைட்ரல் வால்வை நெகிழ்த்தினார். பெண் பிழைத்தாள். ஆனாலும் அடுத்த நோயாளியை அவரிடம் அனுப்ப எந்த டாக்டரும் துணியவில்லை. கதை அங்கேயே நின்றது.

அதை நகர்த்தியது இரண்டாம் உலகப் போர். இங்கிலாந்திலிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் டுவைட் ஹார்க்கன், இதயத்திலும் அதைச் சுற்றியும் குண்டுச் சிதறல் தைத்த 134 சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்தார், ஒருவரும் சாகவில்லை. அந்தத் துணிச்சலோடு ஊர் திரும்பியவர் 1948-ல் பாஸ்டனில் மைட்ரல் வால்வைத் திறந்தார். ஆறே நாள் முந்திக்கொண்டு பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி அதைச் செய்திருந்தார்!

1951 ஜனவரியில் ஹார்க்கனிடம் குணமான நான்கு பேர் கூடினார்கள். பட்டதை அடுத்தவருக்குச் சொல்வோம் என்று அவரோடு சேர்ந்து தொடங்கிய சங்கம்தான் 'மெண்டட் ஹார்ட்ஸ்', அதாவது பழுது பார்த்த இதயங்கள். சௌட்டருக்குக் கிடைக்காத சாட்சிகள் இப்போது கட்டில் கட்டிலாகப் போனார்கள்.

அடுத்த வருடம் வால்வே பேச ஆரம்பித்தது. வாஷிங்டனில் டாக்டர் சார்லஸ் ஹஃப்னகல் பொருத்திய செயற்கைப் பந்து வால்வின் 'டிக், டிக்' பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்டது. 1960-ல் ஆரிகனில் கூண்டுக்குள் பந்து வந்தது. கோலி சோடாவின் குண்டு போல ஏறி இறங்கி வழியைத் திறந்து மூடும். அதைச் செய்த எஞ்சினியர் மைல்ஸ் எட்வர்ட்ஸ் முழுச் செயற்கை இதயம் செய்யும் ஆசையோடுதான் வந்தார். "முதலில் வால்வு" என்று திருப்பிவிட்டவர் டாக்டர் ஆல்பர்ட் ஸ்டார். பாரிஸில் டாக்டர் அலன் கார்பந்தியே வேறு வழி போனார்: மனிதருக்குப் பொருத்தப் பன்றி வால்வை எடுத்து, தோல் பதனிடுவோர் அறிந்த குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்தார்.

நம் நாட்டிலேயே செய்த வால்வு வந்தது 1990 டிசம்பரில். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழு செய்த மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவதாக வந்த சித்ரா வால்வு முதல் நோயாளிக்குள் துடித்தது.

வால்வோடு கூடவே பேச்சும் மாறியது. உலோக வால்வுக்காரர்கள் சந்தித்தால் ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதுதான் பேச்சு. சிறுவயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப்புண் கீல்வாதக் காய்ச்சலாகி வால்வைக் கெடுத்ததையும் அவர்களே சொல்வார்கள்.

2017 முதல் அமெரிக்காவில் பிப்ரவரி 22 இதய வால்வு நோய் விழிப்புணர்வு நாள். மாடியேறினால் மூச்சு வாங்குவதை "வயசாயிடுச்சு" என்று தள்ளுவது அங்கேயும் உண்டு. கெட்ட வால்வு பெரும்பாலும் முணுமுணுக்கும்; ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்கும். வைத்துப் பார்க்கச் சொல்லத்தான் தழும்புக்காரர் தேவை.